மீனின் சிறுநீரகத்தில் ஒரு கட்டி

மீன் கழுவும்போது பார்த்திருப்பீர்கள். முதுகெலும்பை ஒட்டி, உறைந்த ரத்தம் மாதிரி கருஞ்சிவப்பாக ஒரு கோடு. கத்தி முனையால் சுரண்டி எறிந்துவிடுவோம். அதுதான் மீனின் சிறுநீரகம்! ஆற்று மீன், ஏரி மீன் உடம்புக்குள் தண்ணீர் சதா ஊறிக்கொண்டே இருக்கும். அதை இறைத்து வெளியே தள்ளுவது இந்தக் கோட்டின் வேலை.

அதில் புற்றுக்கட்டி வருமா? வரும், ஆனால் அபூர்வம். ட்ரௌட், விலாங்கு மீன்களின் சிறுநீரகத்தில் வரும் ஒருவகைக் கட்டி, நம் குழந்தைகளுக்கு வரும் ‘வில்ம்ஸ்’ கட்டியைப் போலவே இருக்கிறது. சில ரசாயனங்களைக் கொடுத்து, ட்ரௌட் மீனில் அதை ஆய்வுக்கூடத்திலேயே வரவழைத்தும் இருக்கிறார்கள்.

ரசாயனத்துக்கும் சிறுநீர்ப்பாதைக் கட்டிக்கும் உள்ள உறவை முதலில் காட்டிக்கொடுத்தது மீன் அல்ல, மனிதன். 1895-ல் லுட்விக் ரென் என்ற ஜெர்மன் டாக்டர், சாயத் தொழிற்சாலை ஆட்களுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வருவதைச் சொன்னார். (மறு வருடமே மனித இதயத்தில் தையல் போட்டு உயிரைக் காப்பாற்றியவர் இவர்!) 1938-ல் அமெரிக்காவின் ஹியூப்பர், சாயத்துக்கான ஒரு மூலப்பொருளை நாய்களுக்குக் கொடுத்து, அதே கட்டியை வரவழைத்துக் காட்டினார். உடம்புக்குள் போகும் விஷம் சிறுநீரோடு வெளியேறும் வழியில் பையில் தங்குகிறது. வம்பு அங்கேதான்.

அடுத்த சாட்சிதான் மீன். 1964-ல் அமெரிக்காவின் மேரிலாண்டில், ஏரியின் அடிமண்ணில் மேயும் மீன்களுக்குக் கல்லீரல் கட்டி இருப்பதை கிளைட் டாவே குழுவினர் எழுதினார்கள். மறு வருடம் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில், மீன், தவளை போன்றவற்றின் கட்டிகளுக்கென்றே ஒரு பதிவகம் பிறந்தது. ஒரே நீர்நிலையில் பல மீன்களுக்கு ஒரே கட்டி என்றால், தண்ணீரைச் சந்தேகப்படு!

அவசரப்படவும் கூடாது. தங்கமீனின் சிறுநீரகம் ஒட்டுண்ணியாலும் வீங்கும். அமெரிக்கத் தவளை ஒன்றின் சிறுநீரகப் புற்றுக்கு வைரஸ் காரணம். மைக்ரோஸ்கோப் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

நம்ம ஊருக்கு வருவோம். திருத்தணி பக்கம் அம்மையார்குப்பம் நெசவு ஊர். அங்கே ஓடும் தறியானாலும் திருப்பூர் பனியனானாலும் சாயம் இல்லாமல் நடக்காது. 1994-ல் ஜெர்மனி, புற்றுநோய் அபாயமுள்ள சாயங்களுக்குத் தடை போட்டது. இந்தியாவும் 90-களில் 112 சாயங்களைத் தடை செய்தது. ஏற்றுமதி போய்விடுமே என்ற பயம் அதற்கு வேகம் கொடுத்தது. சாயத்தொட்டியில் கை நனைத்தவருக்காக அந்த வேகம் வந்ததா என்பது வேறு கேள்வி.

நொய்யல் ஆற்றின் கதையும் தெரிந்ததுதான். ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி, விவசாயிகள் கோர்ட்டுக்குப் போய், 2011-ல் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம்.

செத்து மிதக்கும் மீன் எல்லோர் கண்ணிலும் படும். கட்டியோடு நீந்தும் மீன் யார் கண்ணிலும் படாது. நாம் சுரண்டி எறியும் அந்தச் சிவப்புக் கோட்டை, யாராவது எடுத்து வைத்துப் பார்க்க வேண்டும்.