தெருவிளக்கு யாருக்காக எரியுது?

இந்த எபிசோடு தெருவிளக்கு பற்றி. எரியும்போது யாரும் கவனிக்காத, எரியாத அன்றைக்கு மட்டும் ஞாபகம் வருகிற அதே தெருவிளக்குதான்.

ஏன் இந்த டாபிக் என்று அயனம்பாக்கம் பக்கம் இருக்கிறவங்களுக்குச் சொல்லவே வேண்டாம். சென்னை பைபாஸுக்கு மேற்கே, முகப்பேர் மேற்கு, நொளம்பூர், வானகரம், திருவேற்காடு இவற்றுக்கு நடுவில் இருக்கிற ஊர் இது. ஒரு பெரிய ஏரி, அதைச் சுற்றி ஒரு காலத்தில் வயல், இப்போ மனை. வானகரம்–அம்பத்தூர் ரோட்டில் கடை வெளிச்சம், வண்டி வெளிச்சம் எல்லாம் சேர்ந்து ராத்திரியே தெரியாது. உள்ளே திரும்பி இரண்டு தெரு தள்ளிப் போனால் ஒரு பக்கம் வீடு, இன்னொரு பக்கம் முள்செடி மண்டிய காலி மனை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடித்து வருகிறவங்களும், டியூஷன் முடிந்து வரும் பிள்ளைகளும் அந்தத் தெருவில்தான் நடக்கணும்.

ஒரு தெருவுக்கு இவ்வளவு வெளிச்சம் போதும் என்று யார், எப்போ முடிவு பண்ணினாங்க? இதுதான் இன்றைய கேள்வி. பதில் கொஞ்சம் பழசு.

1667-ல் பாரிஸ் நகரத்துக்கு லா ரெனி என்பவர் போலீஸ் தலைவர் ஆனார். தெருத்தெருவாக லாந்தர் தொங்கவிட ஏற்பாடு செய்தவர் அவர். ஒரு போலீஸ் அதிகாரி ஏன் விளக்கு போடணும்? இருட்டில் எதிரே வருகிற ஆள் யார் என்று தெரியணும், அவ்வளவுதான். 1807-ல் லண்டன் பால்மால் தெருவில் கேஸ் விளக்கு வந்தது. 1905 ஆகஸ்டில் சிவனசமுத்திரம் நீர்மின்சாரத்தை வைத்து பெங்களூரில் மின்விளக்கு எரிந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி முத்துசாமி ஐயர் தெருவிளக்கடியில் படித்தார் என்று ஒரு கதை நம்ம வீடுகளில் இன்றும் சொல்வாங்க. இதில் எல்லாம் பொதுவாக ஒன்று இருக்கு, கவனிச்சீங்களா? விளக்குக்குக் கீழே இருக்கிறது மனுஷன். மோட்டார் வண்டி இன்னும் கதைக்குள் வரவே இல்லை.

கார் வந்த பிறகு கணக்கு மாறியது. வேகமாக வருகிற ஓட்டுநருக்கு எதிரே இருப்பவரின் முகம் தேவையில்லை. ஏதோ ஒன்று குறுக்கே நிற்குது என்று தெரிந்தால் போதும். அதனால் ரோட்டின் பரப்பை வெளிச்சமாக்கு, நிற்கிற ஆள் அதன் மேல் கறுப்பு உருவமாகத் தெரிவான் என்ற யோசனை வலுத்தது. 1937-ல் பிரிட்டன் போக்குவரத்து அமைச்சகத்தின் குழு தன் இறுதி அறிக்கையில் சாலைகளை இரண்டாகப் பிரித்தது. போக்குவரத்துச் சாலைகள் எல்லாம் ஏ பிரிவு, மற்றவை பி பிரிவு.

இப்போ நம்ம நாட்டுக்கு வருவோம். பொதுச் சாலை விளக்குகளுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 1944. அந்த 1944 வருஷம் இல்லை, வரிசை எண். இன்றும் எல்லோரும் மேற்கோள் காட்டுகிற பதிப்பு 1970-ல் வந்தது. அதிலேயும் ஏ, பி என்றே பிரிவுகள். ஏ1 என்றால் வேகமும் நெரிசலும் உள்ள முக்கியச் சாலை, சராசரியாக 30 லக்ஸ் வேணும். ஏ2-வுக்கு 15. பி1-க்கு 8. பி2, அதாவது போக்குவரத்து குறைவான துணைச் சாலைக்கு 4 லக்ஸ். லக்ஸ் என்பது ஒரு பரப்பின் மேல் விழுகிற வெளிச்சத்தின் அளவு. நல்ல பௌர்ணமி நிலவுக்கே கால் லக்ஸ்தான் வரும்.

சராசரி மட்டும் பார்த்தால் போதாது என்பதற்கு இன்னொரு எண்ணும் இருக்கு. பி பிரிவில், மிக இருட்டான இடத்தின் வெளிச்சம் சராசரியில் 0.3 மடங்காவது இருக்கணும். அப்படிப் பார்த்தால் பி2 தெருவில் எந்த மூலையிலும் 1.2 லக்ஸுக்குக் கீழே போகக்கூடாது. நிலவை விட சுமார் ஐந்து மடங்கு. பெரிய எதிர்பார்ப்பு ஒன்றும் இல்லை.

என் வேலை சாஃப்ட்வேர் என்பதால் எனக்கு இது ஒரு ஸ்பெக் மாதிரிதான் தெரியுது. ஸ்பெக்கில் உள்ளீடு எது என்று முதலில் பார்க்கணும். இங்கே உள்ளீடு வண்டிப் போக்குவரத்து. வண்டி அதிகம் என்றால் வெளிச்சம் அதிகம், வண்டி குறைவு என்றால் வெளிச்சம் குறைவு. புது நகருக்குள் வண்டி குறைவு, அதனால் அது தானாகவே கடைசிப் பிரிவில் போய் விழுது. ஆனால் அங்கே நடக்கிறவருக்கு உதவ கடை வெளிச்சமும் இல்லை, நடைபாதையும் இல்லை, ஆள் நடமாட்டமும் இல்லை. தெருவிளக்கை மட்டுமே நம்பி நடக்கிற இடத்துக்குத்தான் தெருவிளக்கு மிகக் குறைவு.

சரி, அந்த 4 லக்ஸாவது வருதா? அதற்குள் சட்டத்தைப் பார்க்கணும். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994, 110-வது பிரிவு தெருவிளக்கை ஊராட்சியின் கடமையாகச் சொல்லுது. எங்கே? கட்டடங்கள் அமைந்த பகுதிகளில். வீடுகள் ஏற்கெனவே இருக்கிற கிராமத்துக்கு இந்த வரி சரி. மனை போட்டு, பத்து வருஷத்தில் ஒவ்வொரு வீடாக எழும்புகிற நகருக்கு? முதலில் மனை, பிறகு வீடு, பிறகு ரோடு, எல்லாம் முடிந்து கடைசியில் விளக்கு. நடுவில் இருக்கிற வருஷங்களில் குடிவந்த முதல் பத்து குடும்பம் டார்ச் வைத்துக்கொண்டு நடக்கும்.

2011-ல் 42 உள்ளாட்சிகள் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தன. பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. அம்பத்தூர் நகராட்சி, நொளம்பூர் ஊராட்சி எல்லாம் உள்ளே வந்தன. திருவேற்காடு வெளியே நின்றது. அதனால் இந்தச் சுற்றுவட்டாரத்தில் எல்லை எங்கே முடியுது என்று தெரியாமல் ஒரு பல்பு மாற்றக்கூட முடியாது. மாநகராட்சிப் பக்கம் என்றால் 1913-க்கு போன் பண்ணலாம், தாண்டினால் நகராட்சி அலுவலகம். அனுமதி இல்லாத மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்த 2017-ல் அரசு விதிகள் கொண்டுவந்தது. அப்படிப்பட்ட மனைகளை வாங்கியவங்களுக்கு விளக்கு கேட்பதற்கு முன்னால் தெருவே கணக்கில் வர வேண்டியிருந்தது.

அப்புறம் கம்பம். நம்ம ஊரில் தெருவிளக்கு பெரும்பாலும் ஈ.பி. கம்பத்தில்தான் தொங்கும். கம்பத்துக்குக் கம்பம் தூரத்தை முடிவு பண்ணுவது மின்கம்பி, வெளிச்சம் இல்லை. விளக்கின் உயரத்தைப் போல மூன்று, நான்கு மடங்கு தூரத்துக்கு மேல் அடுத்த விளக்கு போனால் நடுவில் இருட்டுப் பட்டை விழும். கம்பத்தடியில் பளிச்சென்று இருந்துவிட்டு, நடுவில் வந்தால் கண்ணுக்கு இன்னும் இருட்டாகத் தெரியும். அந்தப் பட்டையில்தான் பள்ளமும் இருக்கும், நாயும் படுத்திருக்கும்.

2015 ஜனவரியில் மத்திய அரசின் எல்.இ.டி. தெருவிளக்குத் திட்டம் தொடங்கியது. மின்சாரச் செலவு குறையுது, சோடியம் விளக்கின் மஞ்சளில் தெரியாத நிறங்கள் தெரியுது, நல்லதுதான். ஆனால் பழைய டியூப்லைட் நாலு பக்கமும் வெளிச்சம் சிந்தும். எல்.இ.டி. காட்டிய இடத்தில் மட்டும் அடிக்கும். கம்பத்தின் இடத்தை மாற்றாமல் விளக்கை மட்டும் மாற்றினால் இருட்டுப் பட்டை அப்படியே இருக்கும்.

வேறு மாதிரி யோசித்தவங்களும் உண்டு. 1980-ல் கமினாடா, வான் பொம்மல் என்ற இரண்டு நெதர்லாந்து ஆய்வாளர்கள் குடியிருப்புத் தெருவுக்கு வேறு கேள்வி கேட்டாங்க. எதிரே வருகிறவரின் முகத்தை நான்கு மீட்டர் தூரத்தில் அடையாளம் தெரிய எவ்வளவு வெளிச்சம் வேணும்? முகத்தின் மேல் 0.8 லக்ஸ் விழணும் என்றாங்க. ஐரோப்பியத் தரத்தில் இன்றைக்கு நடப்பவருக்குத் தனி வகுப்புகள் இருக்கு, முகத்தில் விழும் வெளிச்சத்துக்கும் அளவு இருக்கு. 1667-ன் கேள்விக்கே திரும்பி வந்துட்டாங்க.

இது வெறும் வசதிக் குறைவு பற்றிய பேச்சு இல்லை. 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நடந்து போனவர்கள் 32,825 பேர். ஒரு நாளின் மற்ற நேரங்களை விட மாலை 6 முதல் 9 மணிக்குள் விபத்து அதிகம். வீடு திரும்புகிற நேரம் அது.

அதனால் மனை வாங்கப் போகிறவங்க இரண்டு விஷயம் கேளுங்க. தெருக்களைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைச்சாச்சா? விளக்குக்கு கம்பம் எங்கெங்கே வரும் என்று வரைபடத்தில் இருக்கா? ஏற்கெனவே குடியிருக்கிறவங்க, அடுத்த முறை மனு எழுதும்போது விளக்கு வேணும் என்று மட்டும் எழுதாதீங்க. எந்த இரண்டு கம்பத்துக்கு நடுவில் இருட்டு, எத்தனை அடி, அந்த வழியாக யார் நடக்கிறாங்க என்று எழுதுங்க. 1970-ன் தரம் வண்டியைத்தான் எண்ணியது. அந்தத் தெருவில் நடக்கிற ஆளை நாமதான் எண்ணிக் கொடுக்கணும்.