ஊர் திரும்பும் வீரர்கள் - ஆஸ்திரேலியக் கால்பந்தின் நாற்பதாண்டுச் சிக்கல்

பதினெட்டு வயதில் ஒரு பையனுக்கு வேலை கிடைக்கிறது. நல்ல சம்பளம், பேர், புகழ் எல்லாம் உண்டு. ஆனால் எந்த ஊரில் வேலை என்பதை அவன் தீர்மானிக்க முடியாது. வீட்டிலிருந்து 3 கிலோமீட்டர் தூரமாக இருக்கலாம், 2,700 கிலோமீட்டர் தூரமாகவும் இருக்கலாம். ஆஸ்திரேலியக் கால்பந்து விளையாட வரும் ஒவ்வொரு இளைஞனும் இந்த நிபந்தனையை ஏற்றுக்கொண்டுதான் உள்ளே வருகிறான். உள்ளே வந்தவனை அங்கேயே தக்கவைப்பது எப்படி என்பதுதான் தூரத்து கிளப்களின் தீராத தலைவலி. அதற்கு அங்கே "கோ-ஹோம் ஃபேக்டர்" என்று தனிப் பெயரே இருக்கிறது.

முதலில் விளையாட்டைப் பற்றி இரண்டு வரி. இது உலகம் முழுக்க ஆடப்படும் கால்பந்து அல்ல. நீள்வட்ட மைதானம், முட்டை வடிவப் பந்து, பக்கத்துக்கு 18 பேர், இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள். பந்தைக் கையால் பிடிக்கலாம், காலால் உதைக்கலாம், முஷ்டியால் குத்தி அனுப்பலாம். இதன் விதிகள் 1859-ல் மெல்போர்னில் எழுதப்பட்டவை. அதனால் இன்றுவரை இந்த விளையாட்டின் தலைநகரம் மெல்போர்ன்தான். 2025 சீசனில் ஏ.எஃப்.எல். லீகில் ஆடிய 18 கிளப்களில் 10 விக்டோரியா மாநிலத்தைச் சேர்ந்தவை. சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

முன்பு எதிர்த்திசையில் ஓடிய ஆறு

ஒரு காலத்தில் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனி லீக் நடத்தியது. விக்டோரியாவின் வி.எஃப்.எல். பணக்கார லீக். பெர்த்திலும் அடிலெய்டிலும் யாராவது பிரமாதமாக ஆடினால் மெல்போர்ன் கிளப்களின் கண் உடனே அங்கே விழும். மேற்கு ஆஸ்திரேலியாவின் மாபெரும் வீரரான கிரஹாம் "பாலி" ஃபார்மர் 1962-ல் ஜீலாங் கிளப்புக்குப் போனார். 1963-ல் கோப்பை வென்றார். 1968-ல் பெர்த்துக்கே திரும்பி வந்து மேற்கு பெர்த் கிளப்பில் சேர்ந்துவிட்டார். அதாவது வீரர்கள் வெளியூர் போவதும் ஊர் திரும்புவதும் அப்போதே உண்டு. ஆனால் போனவர்கள் விலை பேசிக்கொண்டு, பெயர் எடுத்த பிறகு, சொந்த முடிவில் போனவர்கள்.

இப்படிப் போன வீரர்கள் விக்டோரியா அணிக்காக ஆடி, பிறந்த மாநிலத்தையே தோற்கடித்த காலமும் இருந்தது. அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் "ஸ்டேட் ஆஃப் ஆரிஜின்" போட்டி. எங்கே வேலை பார்த்தாலும் அவரவர் பிறந்த மாநிலத்துக்காக ஆட வேண்டும் என்பது அதன் விதி. 1977 அக்டோபரில் பெர்த்தில் நடந்த முதல் போட்டியில் மேற்கு ஆஸ்திரேலியா 151 புள்ளிகள் எடுத்தது, விக்டோரியா 57. தன் பிள்ளைகள் எல்லோரும் ஊரிலேயே இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று அந்த மாநிலம் ஒரு நாள் பார்த்துக்கொண்டது!

நீதிமன்றத்துக்குப் போன இளைஞர்

1980-களின் தொடக்கத்தில் சவுத் மெல்போர்ன் என்ற பழைய கிளப் கடனில் தத்தளித்தது. லீக் அதை சிட்னிக்கு அனுப்ப முடிவு செய்தது. 1982-ல் உள்ளூர் ஆட்டங்கள் சிட்னிக்கு மாறின. வீரர்கள் மெல்போர்னில் பயிற்சி எடுத்து விமானத்தில் போய் ஆடிவிட்டு வந்தார்கள். அடுத்து, எல்லோரும் சிட்னிக்கே குடிபெயர வேண்டும் என்ற நிலை வந்தது.

சில்வியோ ஃபொஸ்கினி என்ற இளம் வீரர் மறுத்துவிட்டார். மெல்போர்னிலேயே செயின்ட் கில்டா கிளப்பில் ஆட விரும்பினார். கிளப் விடவில்லை, லீக் அனுமதிக்கவில்லை. வழக்கு விக்டோரியா உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1983 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. வீரர் ஒரு கிளப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதைத் தடுக்கும் லீகின் விதிகள், ஒருவர் தொழில் செய்யும் உரிமையை நியாயமற்ற முறையில் கட்டுப்படுத்துகின்றன என்றார் நீதிபதி. ஃபொஸ்கினி செயின்ட் கில்டாவில் ஆடினார்.

வீரர்களைக் கட்டிவைத்திருந்த பழைய கயிறு அன்றோடு நைந்துபோனது. எந்த வட்டாரத்தில் பிறந்தானோ அந்த வட்டாரத்து கிளப்புக்கே அவன் சொந்தம் என்ற ஏற்பாடு இனி நிற்காது என்று லீகுக்குப் புரிந்தது. கிளப்களும் வீரர்களுக்காகப் போட்டி போட்டுச் செலவழித்து ஒவ்வொன்றாகக் கடனில் மூழ்கிக்கொண்டிருந்தன. அதனால் 1980-களின் நடுவில் இரண்டு புதிய கருவிகள் வந்தன. ஒன்று சம்பள வரம்பு, இன்னொன்று டிராஃப்ட்.

டிராஃப்ட் என்ற குலுக்கல்

முதல் தேசிய டிராஃப்ட் 1986 நவம்பரில் நடந்தது. விதி எளிமையானது. அந்த ஆண்டில் கடைசி இடம் பிடித்த கிளப் முதலில் ஒரு இளைஞனைத் தேர்வு செய்யலாம், அதற்கு மேலே இருந்தது இரண்டாவதாக, இப்படியே போகும். பலவீனமான கிளப் பலம் பெற வேண்டும் என்பது நோக்கம். 1987-ல் பெர்த்திலிருந்து வெஸ்ட் கோஸ்ட் ஈகிள்ஸும், குயின்ஸ்லாந்திலிருந்து பிரிஸ்பேன் பேர்ஸும் சேர்ந்தன. 1990-ல் லீகின் பெயர் ஏ.எஃப்.எல். ஆனது. 1991-ல் அடிலெய்டு, 1995-ல் ஃப்ரீமான்டில், 1997-ல் போர்ட் அடிலெய்டு என்று வளர்ந்தது.

கணக்குப் புத்தகத்தில் பார்த்தால் டிராஃப்ட் அழகான ஏற்பாடு. ஆனால் அது வீரனைப் பொருளாகக் கருதுகிறது. பொருளுக்கு அம்மா கிடையாது, நண்பர்கள் கிடையாது, சொந்த ஊர் கிடையாது. பள்ளி இறுதித் தேர்வு முடிந்த கையோடு, விமானத்தில் நாலு மணி நேரம் தள்ளி இருக்கும் ஊருக்குப் போ என்றால் பையன் போகிறான். இரண்டு ஆண்டு ஒப்பந்தம் முடிந்ததும் என்ன செய்வான் என்பதுதான் கேள்வி.

இதே போன்ற டிராஃப்டை நியூ சவுத் வேல்ஸ் ரக்பி லீக் கொண்டுவந்தபோது, 1991-ல் ஃபெடரல் நீதிமன்றம் அது செல்லாது என்று சொல்லிவிட்டது. ஏ.எஃப்.எல். டிராஃப்ட் மட்டும் தப்பிப் பிழைத்தது. வீரர்கள் சங்கத்தோடு போட்டுக்கொள்ளும் கூட்டு ஒப்பந்தம் அதற்குக் கவசமாக இருக்கிறது.

முதல் அடிகள்

பிரிஸ்பேன் பேர்ஸ் தொடக்கத்திலேயே இந்தச் சிக்கலைச் சந்தித்தது. 1993-ல் நேதன் பக்லி அங்கே ஒரே ஒரு சீசன் ஆடினார். லீகின் சிறந்த இளம் வீரர் விருதையும் வென்றார். அடுத்த ஆண்டே மெல்போர்னின் காலிங்வுட் கிளப்புக்குப் போய்விட்டார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1996 இறுதியில் பேர்ஸும் மெல்போர்னின் ஃபிட்ஸ்ராய் கிளப்பும் இணைந்து பிரிஸ்பேன் லயன்ஸ் ஆனது. அந்த லயன்ஸ் 2001, 2002, 2003 என்று தொடர்ந்து மூன்று கோப்பைகளை வென்றது. அதில் 2002-லும் 2003-லும் இறுதிப் போட்டியில் தோற்றது பக்லி தலைமை தாங்கிய காலிங்வுட்!

அந்தக் காலத்தில் பிரிஸ்பேனுக்கும் சிட்னிக்கும் சம்பள வரம்புக்கு மேல் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க அனுமதி இருந்தது. வெளிமாநில வீரர்களைத் தக்கவைக்க பிரிஸ்பேனுக்கு, வீட்டு வாடகை அதிகம் என்பதால் சிட்னிக்கு. மூன்று கோப்பைகளுக்குப் பிறகு மற்ற கிளப்கள் கூச்சல் போட்டன. 2000-களின் நடுவில் பிரிஸ்பேனின் சலுகை பறிபோனது. சிட்னியின் சலுகை 9.8 சதவீதம். 2013-ல் அந்த கிளப் லான்ஸ் ஃபிராங்க்ளின் என்ற நட்சத்திரத்தை 9 ஆண்டுகளுக்கு சுமார் 1 கோடி டாலருக்கு வாங்கியதும் அதற்கும் எதிர்ப்பு எழுந்தது. 2016 இறுதிக்குள் அது ஒழிக்கப்பட்டு, குறைந்த சம்பளம் வாங்கும் வீரர்களுக்கு மட்டும் வாடகை உதவி என்று மாறியது. யோசித்துப் பார்த்தால் இதுதான் சரியான இலக்கு. ஊரை நினைத்து ஏங்குவது கோடீஸ்வர நட்சத்திரம் அல்ல, முதல் சம்பளம் வாங்கும் பையன்தான்.

2013: ஐந்து பேர் கிளம்பினார்கள்

சலுகை போன பிறகு பிரிஸ்பேனுக்கு விழுந்த பெரிய அடி 2013-ல். அந்த ஒரே ஆண்டு இறுதியில் ஐந்து இளைஞர்கள் வெளியேறினார்கள். சாம் டாக்கர்ட்டி கார்ல்டனுக்கு, பில்லி லாங்கர் செயின்ட் கில்டாவுக்கு, பேட்ரிக் கார்னெசிஸ் காலிங்வுட்டுக்கு, ஜாரெட் பொலெக் போர்ட் அடிலெய்டுக்கு, எலியட் யோ வெஸ்ட் கோஸ்டுக்கு. மூன்று பேர் விக்டோரியாவுக்கும், ஒருவர் தெற்கு ஆஸ்திரேலியாவுக்கும், ஒருவர் மேற்கு ஆஸ்திரேலியாவுக்கும். அவரவர் மாநிலத்துக்கு அவரவர்! ஐந்து பேருமே 2010, 2011 டிராஃப்ட்களில் வந்தவர்கள்.

இதில் பொருளாதாரப் பாடம் ஒன்று இருக்கிறது. ஒப்பந்தம் முடிந்த வீரன் "இந்த கிளப்புக்குத்தான் போவேன்" என்று சொன்னால், சந்தையில் ஒரே ஒரு வாங்குபவர்தான். விற்பவர் பிடிவாதம் பிடித்தால் கையில் ஒன்றும் மிஞ்சாமல் போகலாம். எனவே கிடைத்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். முதல் சுற்றில் 12-வது ஆளாக எடுத்த டாக்கர்ட்டிக்குப் பதிலாகக் கிடைத்தது இரண்டாம் சுற்றுத் தேர்வு. அவர் பின்னாளில் கார்ல்டனின் இணை கேப்டன் ஆனார். யோ 2018-ல் வெஸ்ட் கோஸ்டுடன் கோப்பை வென்றார். இரண்டு ஆண்டு பயிற்சிச் செலவு பிரிஸ்பேனுக்கு, பலன் அடுத்தவருக்கு.

சரிவும் தொடர்ந்தது. 2015 டிராஃப்டில் இரண்டாவது ஆளாக எடுத்த ஜாஷ் ஷாக்கி 2017 இறுதியில் மெல்போர்னின் வெஸ்டர்ன் புல்டாக்ஸுக்குப் போனார். அதே ஆண்டு பிரிஸ்பேன் கடைசி இடம். தோற்பதால் வீரர்கள் போகிறார்கள், வீரர்கள் போவதால் தோற்கிறது என்ற சுழல்.

புதிய கிளப்கள், பழைய கதை

2011-ல் கோல்ட் கோஸ்ட் சன்ஸ், 2012-ல் மேற்கு சிட்னியில் ஜி.டபிள்யூ.எஸ். ஜயன்ட்ஸ் தொடங்கப்பட்டன. இரண்டுமே 17, 18 வயதுப் பையன்களை வைத்துக் கட்டப்பட்டவை. ஜயன்ட்ஸ் தன் பையன்களை சிட்னியின் பிரேக்ஃபாஸ்ட் பாயின்ட் பகுதி அடுக்குமாடிகளில் பக்கத்து பக்கத்து வீடுகளில் தங்கவைத்தது. வீட்டை விட்டு வந்தவர்கள் ஒருவருக்கொருவர் வீடாக இருக்கட்டும் என்ற எண்ணம்.

அப்படியும் எல்லோரும் நிற்கவில்லை. 2013 டிராஃப்டின் முதல் ஆள் டாம் பாய்ட் ஒரே சீசனில் மெல்போர்ன் திரும்பினார், ஏழு ஆண்டு ஒப்பந்தத்தோடு. 2016 இறுதிப் போட்டியில் மூன்று கோல் அடித்து வெஸ்டர்ன் புல்டாக்ஸுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். ஆனால் மன அழுத்தத்தோடு போராடியதை வெளிப்படையாகச் சொன்ன அவர், 2019-ல் 23 வயதில் ஓய்வு பெற்றுவிட்டார். ஊர் திரும்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் முழு உண்மை இல்லை.

கோல்ட் கோஸ்டின் நிலை இன்னும் மோசம். 2018 இறுதியில் இணை கேப்டன்கள் டாம் லிஞ்ச், ஸ்டீவன் மே இருவருமே ஒரே நேரத்தில் போனார்கள்! லிஞ்ச் ரிச்மண்டுடன் 2019, 2020-லும், மே மெல்போர்னுடன் 2021-லும் கோப்பை வென்றார்கள். இதில் கவனிக்க வேண்டியது, மே டார்வினில் வளர்ந்தவர். அவர் போனது ஊருக்கு அல்ல, வெற்றியைத் தேடி. "வீட்டு ஏக்கம்" என்ற ஒரே சீட்டை எல்லோர் மேலும் ஒட்டிவிட முடியாது.

சிரில் ரியோலி கதையும் அதைத்தான் சொல்கிறது. வட ஆஸ்திரேலியப் பூர்வகுடி இளைஞரான அவர் மெல்போர்னில் ஹாதார்னுக்காக நான்கு கோப்பைகள் வென்றவர். 2018-ல் 28 வயதிலேயே ஆட்டத்தை விட்டு டார்வின் திரும்பினார். குடும்பத்தோடு இருக்கப் போகிறார் என்றே அப்போது பேசப்பட்டது. கிளப்பில் இனம் சார்ந்து ஏற்பட்ட கசப்புகளும் காரணம் என்று 2022-ல் அவரும் மனைவியும் சொன்னபோதுதான் கதையின் மறுபக்கம் தெரிந்தது.

இது வடக்குக்கு மட்டுமான நோயும் அல்ல. 2021 டிராஃப்டின் முதல் ஆள் ஜேசன் ஹார்ன்-ஃபிரான்சிஸ் தெற்கு ஆஸ்திரேலியக்காரர். அவரை எடுத்தது மெல்போர்னின் நார்த் மெல்போர்ன். ஒரே ஆண்டில், ஒப்பந்தம் பாக்கி இருக்கும்போதே, போர்ட் அடிலெய்டுக்குப் போய்விட்டார்.

எது நிறுத்தியது?

மூன்று வழிகள் ஓரளவு பலன் தந்திருக்கின்றன.

முதலாவது, உள்ளூரிலேயே வளர்ப்பது. 2010 முதல் நான்கு வடக்கு கிளப்களும் அகாடமி நடத்துகின்றன. அங்கே வளரும் பையன்களை எடுப்பதில் அந்த கிளப்பே முன்னுரிமை பெறும். சிட்னியின் ஐசக் ஹீனி இப்படி வந்தவர். மெல்போர்ன் கிளப்கள் இதை அநியாயம் என்கின்றன. ஆனால் சொந்த ஊரில் ஆடுபவனுக்கு ஊர் ஏக்கம் வராது என்பது எளிய கணக்கு.

இரண்டாவது, தனியாக அனுப்பாமல் இருப்பது. 2019 டிராஃப்டில் லீக் கோல்ட் கோஸ்டுக்கு முதல் இரண்டு தேர்வுகளையும் கொடுத்தது. அந்த கிளப் எடுத்தது மாட் ரௌவல், நோவா ஆண்டர்சன். இருவரும் மெல்போர்னில் ஒரே பள்ளியில் படித்த நண்பர்கள். இருவருமே ஒப்பந்தத்தைப் புதுப்பித்துத் தங்கினார்கள். 2025-ல் ஆண்டர்சன் கேப்டன், ரௌவல் லீகின் உயரிய பிரவுன்லோ பதக்கம் வென்றவர். கோல்ட் கோஸ்ட் முதன்முறையாக இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெற்றதும் அந்த ஆண்டுதான்.

மூன்றாவது, கிளப்பையே வீடாக மாற்றுவது. பிரிஸ்பேன் 2017-ல் கிறிஸ் ஃபேகன் என்ற அனுபவசாலியைக் கோச்சாக்கியது. ஹாதார்னின் முன்னாள் கேப்டன் லூக் ஹாட்ஜ் 2018-ல் ஓய்வை ஒத்திவைத்து இளைஞர்களுக்கு அண்ணனாக வந்து சேர்ந்தார். 2016 டிராஃப்டில் வந்த ஹியூ மக்லக்கேஜ், 2017-ன் முதல் ஆள் கேம் ரேனர் இருவரும் விக்டோரியாக்காரர்கள். இருவரும் போகவில்லை. பிரிஸ்பேன் 2024-லும் 2025-லும் கோப்பை வென்றது. 2013-ல் ஐந்து பேரை இழந்த அதே கிளப்!

இப்போது லீக் முதல் சுற்று வீரர்களுக்கு இரண்டுக்குப் பதில் மூன்று ஆண்டு ஒப்பந்தம் என்று விதியை நீட்டியிருக்கிறது. கிளப்புக்குக் கூடுதல் அவகாசம்தான். ஆனால் கயிற்றின் நீளத்தைக் கூட்டுவதும் மனதைத் தங்கவைப்பதும் ஒன்றல்ல. ஃபொஸ்கினி வழக்கு சொன்னது இன்றும் பொருந்தும். வீரன் தொழிலாளி. அவனுக்கு விருப்பம் உண்டு. பலவீனமான கிளப் பிழைக்க வேண்டும் என்ற பொது நன்மைக்காக அந்த விருப்பத்தைச் சில ஆண்டுகள் தள்ளிவைக்கச் சொல்லலாம். அதற்கு ஈடாக அவன் வாழத் தகுந்த ஒரு இடத்தைக் கொடுக்க வேண்டியது கிளப்பின் கடன்.

2023-ல் டாஸ்மேனியா தீவுக்கு 19-வது கிளப் உரிமம் வழங்கப்பட்டது. 2028-ல் களமிறங்கத் திட்டம். அங்கேயும் பெர்த்திலிருந்தும் மெல்போர்னிலிருந்தும் பதினெட்டு வயதுப் பையன்கள் பெட்டியோடு வந்து இறங்குவார்கள். அவர்களில் எத்தனை பேர் மூன்றாவது ஆண்டும் அங்கே இருக்கிறார்கள் என்பதுதான் அந்த கிளப்பின் முதல் மதிப்பெண் பட்டியலாக இருக்கும்.