அடைபட்ட காற்றும் அதற்கிட்ட எண்ணும்

பொன்முடியின் தூய காற்றை நாடி மலையேறுவோர் பலர். அம்மலைச்சாரலின் தேயிலைத் தோட்ட லயங்களில், விறகடுப்பின் முன் அமர்ந்தவர்கள் சுவாசித்த காற்று வேறு. பீடியைத் தொட்டறியாத ஒரு தோட்டத் தொழிலாளப் பெண் மூச்சுத்திணறி இறந்தால், எக்காரணம் பதிவாகும்? இக்கேள்விக்குப் பின்னால் இருநூறு ஆண்டு வரலாறு உண்டு.

1819இல் பிரெஞ்சு மருத்துவர் லென்னெக், தாம் உருவாக்கிய ஸ்டெதஸ்கோப்பை விளக்கிய நூலிலேயே எம்ஃபிசீமா நோயையும் விவரித்தார். பிணக்கூராய்வில் மார்பைத் திறந்ததும் நுரையீரல் சுருங்குவது இயல்பு. இந்நோயாளிகளின் நுரையீரல் சுருங்காது மார்பை நிறைத்து நின்றது. சிற்றறைகள் விரிந்து சிதைந்து, புகுந்த காற்று வெளியேற மாட்டாது தங்கிவிட்டது. 1846இல் லண்டனில் ஜான் ஹட்சின்சன் ஸ்பைரோமீட்டரை அறிமுகப்படுத்தினார். அக்கருவி வெளிவரும் காற்றை அளந்தது. முழுமூச்சும் விட்டபின் உள்ளே எஞ்சுவதை அளக்க அதனால் இயலவில்லை. நோயின் சாரமோ அந்த எஞ்சிய காற்றில் இருந்தது. எக்ஸ்ரே குறிப்பாக உணர்த்திய சிதைவைப் பிற்காலத்தில் சி.டி. ஸ்கேனே தெளிவாகக் காட்டியது.

இவ்வாறு நோயின் உருவம் துலங்கியது. அதன் காரணத்தைத் தேடியவர்களுள் பர்மாவில் பிறந்து, போர்க்காலத்தில் கோயம்புத்தூருக்கு வந்து சேர்ந்த இதயநோய் மருத்துவர் எஸ். பத்மாவதி முதன்மையானவர். நுரையீரல் நோயால் இதயத்தின் வலப்பக்கம் பழுதுற்ற 127 பேரை தில்லியில் ஆராய்ந்து, சக ஆய்வாளர் பதக்குடன் 1959இல் அவர் கட்டுரை வெளியிட்டார். புகைப்பழக்கம் அரிதான பெண்களிடையேயும் நோய் ஆண்களுக்கு நிகராகக் காணப்பட்டது. வீட்டு அடுப்பின் புகையையே அவர் சுட்டினார்.

அப்புகை பதிவேட்டில் ஏறியதா? உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாம் நோய் வகைப்பாட்டில் எம்ஃபிசீமாவின் குறி ஜே 43. நாட்பட்ட மூச்சுக்குழல் அழற்சியும் சேர்ந்திருந்தால், அது நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்குரிய ஜே 44இல் அடங்கிவிடும். சான்றிதழில் ‘இதயச் செயலிழப்பு’ என்று மட்டும் எழுதப்பட்டால் குறி ஐ 50 ஆகும், நுரையீரலே மறைந்துபோகும். புகையிலைப் பயன்பாட்டுக்குத் தனிக்குறி உண்டு. விறகுப் புகைக்கோ ‘காற்று மாசு’ என்னும் பொதுத்தலைப்பே கதி.

வகைப்பாட்டின் மீது முழுப்பழியும் சுமத்துவது பொருந்தாது. மருத்துவர் எழுதாததை எக்குறியும் சொல்லாது. கேட்காததை மருத்துவரும் எழுதார். “புகைபிடிப்பதுண்டா?” என்ற வினாவோடு, “எத்தனை ஆண்டு எந்த அடுப்பில் சமைத்தீர்கள்?” என்ற வினாவும் கேட்கப்பட வேண்டும். சுகாதாரத் திட்டங்களும் இழப்பீடுகளும் எண்ணிக்கையைக் கொண்டே வகுக்கப்படுகின்றன. எண்ணப்படாத புகைக்கு எவரும் பொறுப்பேற்பதில்லை.