புளிக்காத ரொட்டியும் நின்றுபோன வளர்ச்சியும்

ஈரானின் ஷிராஸ் நகரில் 1958இல் மருத்துவர் ஆனந்த பிரசாத் ஒரு நோயாளியைக் கண்டார்: வயது 21, உடலோ பத்து வயதுச் சிறுவனுடையது. முக்கிய உணவு புளிக்காத கோதுமை ரொட்டி, களிமண்ணும் தின்றார். இரும்புச்சத்துக் குறைவு அவருடைய சோகையை விளக்கும். நின்றுபோன வளர்ச்சியை முழுதும் விளக்காது. துத்தநாகக் குறைவே காரணமாகலாம் என்று 1961இல் பிரசாத் எழுதியதைப் பலர் ஏற்கவில்லை. கோதுமையிலேயே இருக்கும் சத்து எப்படிக் குறையும் என்பது நியாயமான கேள்விதான். ஆனால் தானியத்தில் இருப்பதெல்லாம் உடலில் சேர்வதில்லை. தவிட்டிலுள்ள ஃபைட்டேட் துத்தநாகத்தைப் பற்றிக்கொண்டு குடல் உறிஞ்சவிடாது. மாவு புளித்தால் அந்தப் பிடி தளரும்.

பின்னர் எகிப்தில் நடந்த ஆய்வே வழக்கைத் தீர்த்தது என்பேன்: துத்தநாகம் பெற்ற இளைஞர்கள் இரும்பு பெற்றவர்களைவிட வேகமாக வளர்ந்தார்கள். 1974இல் அமெரிக்கா துத்தநாகத்தை அன்றாட உணவுப் பரிந்துரையில் சேர்த்தது.