ஒரே கை, இரண்டு தீர்ப்பு

மாரி மழையில் மைதானம் குளமாகக் கிடக்கிறது. அதனால் தரம் 9 பிள்ளைகள் இடைவேளையில் டைஸ் உருட்டிக் கதை விளையாட்டு விளையாடுகிறார்கள். மந்திரவாதி, பூதம், புதையல் எல்லாம் உண்டு. கதையை நடத்துபவர்தான் நடுவர். நேற்று ஒருவன் அனுமதித்த மந்திரத்தை இன்று நடத்தியவன் மறுத்துவிட்டான். "சேர், யார் சரி?" என்று என்னிடம் வந்தார்கள். நான் முரளியின் கதையைச் சொன்னேன்.

1995 டிசம்பர் 26, மெல்பேர்ன். முத்தையா முரளிதரன் பந்தை எறிகிறார் என்று நடுவர் டெரல் ஹெயார் மூன்று ஓவர்களில் ஏழு தடவை நோபோல் கொடுத்தார். தலைவர் அர்ஜுன ரணதுங்க முரளியை மறுமுனைக்கு மாற்றினார். அங்கே நின்றவர் நியூசிலாந்தின் ஸ்டீவ் டன். இன்னும் 12 ஓவர்கள் வீசினார், ஒரு நோபோலும் இல்லை. அதே கை, அதே நாள்!

ஹெயாரை நம்ம கல்முனைக் கடற்கரையில் இன்றும் திட்டுவார்கள். நானும் திட்டியவன்தான். ஆனால் நடுவர் அந்தக் கணத்தில் ஏதாவது சொல்லித்தான் ஆகவேண்டும். பிழை விதியிலும் இருந்தது. முழங்கை எவ்வளவு நிமிர்ந்தால் எறிதல் என்பதை வெறுங்கண்தான் தீர்மானித்தது. பிறகு கமரா வைத்து அளந்தார்கள். யாரும் குறை சொல்லாத பந்துவீச்சாளர்கள் பலரின் கையும் கொஞ்சம் நிமிர்வது தெரியவந்தது. 2005 மார்ச்சிலிருந்து எல்லோருக்கும் 15 பாகைதான் எல்லை. முரளி 2010இல் காலியில் 800 டெஸ்ட் விக்கட்டுகளோடு விடைபெற்றார்.

பிள்ளைகள் அந்த மந்திரத்துக்கும் ஓர் அளவு எழுதிக் கொப்பியில் ஒட்டியிருக்கிறார்கள். இன்று அந்த அளவைப் பற்றித்தான் சண்டை.