ஒன்றையொன்று நோக்கிய கலைகள்

தமிழகத்தின் தற்காலக் கலை வரலாற்றை எழுதப் புகுவோர் இலக்கியம், ஓவியம், நாடகம், இசை எனத் தனித்தனி அதிகாரம் வகுப்பது வழக்கம். 1959 முதல் 1977 வரையிலான சென்னையை நோக்கினால் அப்பிரிவினை நிலைகொள்ளாது.

1959 சனவரியில் சி. சு. செல்லப்பா ‘எழுத்து’ இதழைத் தொடங்கினார். 2000 பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று தனக்குத் தானே வரம்பு கட்டிக்கொண்ட இதழ் அது. அவ்வரம்பையும் அது எட்டியதில்லை. ஆயினும் ந. பிச்சமூர்த்தியும் இளங்கவிஞர் பலரும் யாப்பின் கட்டைத் தளர்த்தியது அப்பக்கங்களில்தான். 1962இல் வெளிவந்த ‘புதுக்குரல்கள்’ தொகுப்பு 24 கவிஞர்களின் 63 கவிதைகளைத் தாங்கி நின்றது.

அந்நாளில் சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக விளங்கிய கே. சி. எஸ். பணிக்கர், 1963 அளவில் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் ஓவிய வரிசையைத் தொடங்கினார். எழுத்து வடிவங்களும் சாதகக் கட்டங்களும் அவற்றில் இடம்பெற்றன. படித்துப் பொருள்கொள்ள இயலாத எழுத்து, கண்ணுக்குரிய உருவமாயிற்று. கவிஞர் ஓசையை விட்டுப் படிமத்தை நாடிய வேளையில் ஓவியர் எழுத்தை நாடினார் என்பது எண்ணத்தக்கது. 1966இல் அவரும் அவர்தம் மாணவரும் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தனர். பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களை விற்று வாழ வழி கண்டமையால், ஓவியத்தைச் சந்தைக்கேற்ப வளைக்கும் நெருக்கடி குறைந்தது. அக்கல்லூரியில் பயின்ற கே. எம். ஆதிமூலத்தின் கோடுகள் சிற்றிதழ்களிலும் நூல் முகப்புகளிலும் எழுத்தாளரோடு உடன்நடந்தன.

பணிக்கர் மறைந்த 1977ஆம் ஆண்டிலேயே, ‘எழுத்து’வில் சிறுகதை எழுதிய ந. முத்துசாமி கூத்துப்பட்டறையை நிறுவினார். காந்திகிராமத்தில் நாடகப் பயிற்சிப் பட்டறை நடைபெற்றதும் அவ்வாண்டில்தான். புரிசை கண்ணப்பத் தம்பிரானிடமிருந்து நகரத்து நடிகர்கள் கூத்தின் அடவும் பாட்டும் கற்றனர். கச்சேரி மேடை பெரும்பாலும் இவ்வியக்கத்திற்கு அப்பால் நின்றது. எனவே நவீன நாடகத்திற்குள் இசை வந்த வழி சபா மண்டபமன்று; முகவீணையும் மிருதங்கமும் ஒலித்த ஊர்ப்பொதுக் களமே.

இவ்வரலாற்றில் ஒரு கடனும் உண்டு. விடியவிடியப் பாரதக்கூத்து ஆடிய கலைஞரிடம் நகரம் பெற்றது மிகுதி. அவர்க்குப் புதிய மேடைகள் கிடைத்தன என்பது உண்மையே. ஆனால் தெருக்கூத்தை நம்பி வாழும் குடும்பங்களின் வறுமை அதனால் நீங்கிவிடவில்லை. நவீனத்தின் சாதனையைப் பேசுமிடத்து இதனையும் பேசுதல் முறை.

‘எழுத்து’ வாழ்ந்தது ஏறத்தாழ 12 ஆண்டுகள். 1970இல் அது நின்றது. செல்லப்பா 1998இலும் முத்துசாமி 2018இலும் மறைந்தனர். அவர்கள் காலத்தில் கவிதைக்கு முதல் வாசகராக ஓவியரும், கூத்துக்கு முதல் பார்வையாளராகக் கவிஞரும் இருந்தனர். பத்தாண்டு நிறைவுறும் நம் வட்டத்தில் கவிஞர் கவிஞருக்கே படித்துக் காட்டுகிறோம். அடுத்த பத்தாண்டில் நம் கூட்டங்களுக்கு ஓர் ஓவியரையும் ஒரு கூத்தரையும் அழைப்போம். உரிய ஊதியம் அளித்தே அழைப்போம்.