1.70 லட்சம் பேர் டிஸ்மிஸ்: 2003 ஸ்டிரைக்கில் நடந்தது என்ன?

மேடவாக்கம், தாம்பரம் தொடங்கி கன்னியாகுமரி வரை அரசு ஊழியர் குடும்பங்களைக் கதிகலங்க வைத்த மாதம் 2003 ஜூலை.

நிதி நெருக்கடி என்று சொல்லி அப்போதைய ஜெயலலிதா அரசு பென்ஷன் பலன்கள், போனஸ், சரண்டர் லீவு பணத்தில் கை வைத்தது. பறித்ததைத் திரும்பக் கேட்டு அரசு ஊழியர், ஆசிரியர் சங்கங்கள் ஜூலை 2-ந்தேதி ஸ்டிரைக்கில் குதித்தன.

அரசு அசரவில்லை. 2002-ல் வந்த டெஸ்மா சட்டத்தை அவசர சட்டம் மூலம் மேலும் கடுமையாக்கியது. சங்க நிர்வாகிகள் கைதானார்கள். விசாரணையே இல்லாமல் சுமார் 1.70 லட்சம் பேர் டிஸ்மிஸ் ஆனார்கள்.

கோர்ட்டு தீர்ப்பு

வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துத்தான் பெரும்பாலானோர் வேலைக்குத் திரும்பினார்கள். அரசு ஊழியருக்கு ஸ்டிரைக் செய்யும் உரிமை கிடையாது என்று ஆகஸ்டு 6-ந்தேதி தீர்ப்பு வந்தது.

2004 எம்.பி. தேர்தலில் அ.தி.மு.க.வுக்கு ஒரு இடம்கூட கிடைக்கவில்லை. அதன் பிறகே ஊழியர்கள் மீதான நடவடிக்கைகள் வாபஸ் ஆயின.

பென்ஷன் போச்சு

போன வேலை திரும்பியது. ஆனால் 1-4-2003 முதல் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு பழைய பென்ஷன் இல்லை. பங்களிப்பு ஓய்வூதியம் என்று சம்பளத்தில் 10 சதவீதம் பிடித்தார்கள். பழைய பென்ஷன் கேட்டு 2019 ஜனவரியில் ஜாக்டோ-ஜியோ மறுபடியும் ஸ்டிரைக்கில் இறங்கியது.